மந்திரிகளுக்கு ஆராய்ச்சி காட்டிய வருஷங்கள்

கல்லூரிப் பிள்ளைகளின் ஆராய்ச்சியை மந்திரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் காட்டுவது, பந்தியில் உட்கார்ந்தவரிடம் சமையல் குறிப்பை வாசித்துக் காட்டுகிற மாதிரியான வேலை; அவர் கண் இலையில்தான் இருக்கும்.

பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் வாத்தியார். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் எங்கள் பிரின்சிபாலுக்கு ஒரு யோசனை வந்தது. பி.எஸ்சி. கடைசி வருஷப் பிள்ளைகள் செய்யும் ப்ராஜெக்டுகள் அலமாரியில் கிடந்து பூச்சி அரிக்கின்றன. அவற்றை ஆண்டுக்கொருமுறை ஹாலில் வரிசையாக வைத்து, அரசாங்கத்தில் முடிவெடுக்கிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினால் என்ன? நல்ல யோசனைதான், நானும் தலையாட்டினேன். தலையாட்டிய குற்றத்துக்கு என்னையே ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார். ஒருங்கிணைப்பாளர் என்றால் வேறொன்றுமில்லை. சால்வை வாங்குகிறவர், மேஜை விரிப்பு தேடுகிறவர், மந்திரியின் பி.ஏ.வுக்கு ஃபோன் போட்டே காது மரத்தவர். எந்த விழாவிலாவது எந்த விருந்தாளிக்காகவாவது மாலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், மேற்கொண்டு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

வந்ததும் பார்த்ததும்

முதல் வருஷம். மந்திரி காலையில் வருவதாக ஏற்பாடு. பிள்ளைகள் பொழுது விடிந்ததும் வந்துவிட்டார்கள். பெண்கள் அம்மாவின் பட்டுப்புடவையில், பையன்கள் யாரிடமோ இரவல் வாங்கிய டையில். ஆளுக்கொரு மேஜை, மேஜைக்குப் பின்னால் சார்ட், கையில் ஒரு குச்சி. சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெரிய மார்க்கெட்டில் நானே போய்ப் பொறுக்கி எடுத்த ரோஜா மாலை வாளித் தண்ணீரில் மிதந்தது. காலை போனது, மத்தியானச் சாப்பாட்டு வேளையும் போனது. சாப்பிடப் போனால் அந்த நேரம் பார்த்து வந்துவிடுவாரோ என்று ஒரு பிள்ளையும் நகரவில்லை.

கடைசியில் வந்தார். முதல் மேஜை முன்னால் மாலை, ஃபோட்டோ. இரண்டாவது மேஜை முன்னால் சால்வை, ஃபோட்டோ. மூன்றாவது மேஜைப் பெண் குச்சியைத் தூக்கி "ஐயா, வணக்கம்" என்பதற்குள் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் அப்படியே வாசல் பக்கம் திரும்பிவிட்டது. அந்தப் பெண் தூக்கிய குச்சியை இறக்க மறந்து நின்றாள். காரில் ஏறப்போன பி.ஏ.வைப் பிடித்து, பிள்ளைகள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்கிறார்களே, ஐயா ஒன்றையுமே பார்க்கவில்லையே என்று கேட்டேன். மனுஷர் கோபப்படவில்லை. எனக்குப் புரிய வைக்க வேண்டும் என்ற அக்கறையோடு சொன்னார்:

"சார், அவரு பாக்கறதுக்கு வரல. அவரு வந்தத நீங்கல்லாம் பாக்கறதுக்கு வந்தாரு."

ஓட்டு இல்லாத கொசு

விலங்கியல் துறையில் அந்துவான் என்றொரு பையன். தாத்தா ஃபிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். தெருவில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்றால் யாரும் கைகாட்டுவார்கள். பையன் டீ வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு டவுனின் சாக்கடை வாய்க்கால்களை ஒரு மழைக்காலம் முழுக்கச் சுற்றினான். கொசு எல்லா இடத்திலும் முட்டை வைப்பதில்லை, மூடியாகப் போட்ட சிமெண்டுப் பலகைகளுக்கு அடியில் சேறு அடைத்துத் தண்ணீர் தேங்குகிற சில இடங்களில்தான் புழு மண்டுகிறது என்று கண்டுபிடித்தான். அந்த இடங்களை மட்டும் வாரிவிட்டால் ஊர் முழுக்கப் புகை அடிக்க வேண்டாம். படம் வரைந்து தெருத்தெருவாகக் குறித்து வைத்திருந்தான்.

அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. அவன் மேஜை முன்னால் நின்றார். நின்றதே எங்களுக்குத் திருவிழா. படத்தில் விரல் வைத்து, இது எந்தத் தெரு, அது எந்தத் தெரு என்று கேட்டார். அந்துவான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். பிறகு உங்கள் வீடு எங்கே, வீட்டில் எத்தனை ஓட்டு என்றார். பையனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "எங்களுக்கு ஃபிரெஞ்சு நேஷனாலிட்டி சார், எங்க ஓட்டெல்லாம் ஃபிரான்ஸ்லதான்" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்துவானும் கூடச் சேர்ந்து சிரித்தான். படிப்பு முடிந்ததும் அவனும் கடல் தாண்டிப் போய்விட்டான், அந்த வாய்க்கால்கள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. எம்.எல்.ஏ. அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு நகரும்போது சொன்னது:

"அப்ப இந்தக் கொசுவப் பத்தி உங்க ஊரு பிரசிடெண்டுக்கு எழுதிப் போடு தம்பி."

செங்கல் நிறம்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். இனிமேல் சொல்லப் போவது எல்லாம் சுமதியைப் பற்றித்தான்.

சுமதி எங்கள் துறைப் பெண். டவுனுக்குத் தெற்கே, கடலோரமாக ஒரு கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் சவுக்கு. அதில் வயிறு நிறையாமல் டவுனில் ஒரு மில்லில் வாட்ச்மேனாகவும் இருந்தார். அந்த ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரிக்க ஆரம்பித்திருந்தன. மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கிணற்றில்தான் நல்ல தண்ணீர். ஊரே அங்கேதான் குடிக்க மொண்டது. அந்தக் கிணறு மட்டும் ஏன் கரிக்கவில்லை என்பதுதான் சுமதியின் ப்ராஜெக்ட். பல மாதம் ஒயர் கூடையில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வந்தாள். தண்ணீரில் மஞ்சள் மருந்து ரெண்டு சொட்டு விட்டு, மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். உப்பெல்லாம் தீர்ந்த கணத்தில் மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் வரும். அது வருவதற்குள் எவ்வளவு மருந்து இறங்கியதோ, தண்ணீரில் அவ்வளவு உப்பு. மற்றப் பிள்ளைகள் மார்க்குக்காகச் செய்கிற சோதனையை இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வாள். அவள் வீட்டுக் குடத்துத் தண்ணீர் அது.

கண்டுபிடித்தது இதுதான். பூமிக்கு அடியில் கடல் தண்ணீர் அந்தக் கிணற்றுக்குக் கீழே வரை வந்துவிட்டது. அதன் மேலே மழைத்தண்ணீர் மெல்லிசாக நிற்கிறது. வாளியால் மொண்டால் மேல் தண்ணீர் மட்டும் வரும், ஒன்றும் ஆகாது. பக்கத்தில் ஆழமாகப் போர் போட்டுப் பெரிய மோட்டாரால் இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறி, போரும் கெடும், கிணறும் கெடும். அரசாங்கமோ சரியாக அந்தக் கோயில் பக்கத்துப் புறம்போக்கில்தான் போரும் மேல்நிலைத் தொட்டியும் போடத் திட்டம் வைத்திருந்தது. மேற்கே ஏரிப் பக்கம் அடிவரைக்கும் நல்ல தண்ணீர் என்பதையும் சுமதி பார்த்து வைத்திருந்தாள். கண்காட்சிக்கு அந்தத் தொகுதி மந்திரியே வரப்போகிறார் என்று தெரிந்த அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

"போர் வேணாம்னு சொல்லல சார். ஏரிப் பக்கமா தள்ளிப் போடுங்கன்னுதான் சொல்றேன். மந்திரி ரெண்டு நிமிஷம் நின்னு கேட்டாப் போதும்."

சுற்ற வேண்டும் அல்லது எரிய வேண்டும்

அதற்குள் எங்கள் பிரின்சிபாலுக்கு இந்தத் தொழிலின் சூட்சுமம் பிடிபட்டிருந்தது. சார்ட்டில் கோடு போட்டு வைத்தால் எந்தப் பெரிய மனுஷரும் நிற்க மாட்டார். ஏதாவது சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் எரிய வேண்டும். சுமதியின் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் சரிம்மா, ஸ்விட்ச் எங்கே என்று கேட்டார்.

ஆகவே மாடல் செய்தோம். மீன் வளர்க்கிற பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் மணல். ஒரு பக்கம் கடல் என்று நீலச்சாயம் கலந்த உப்புத் தண்ணீர், இன்னொரு பக்கம் நல்ல தண்ணீர். மணலுக்குள் கட்டையாக ஒரு குழாய், அது கிணறு. ஆழமாக ஒரு குழாய், அது போர். ஸ்விட்சைப் போட்டால் குட்டி மோட்டார் ஓடும், உச்சியில் இருக்கும் டப்பாவில் தண்ணீர் கொட்டும், ஒரு சின்ன பல்பு எரியும். முதலில் தெளிந்த தண்ணீர்தான் வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டால் நீலம் மணலுக்குள் ஊர்ந்து ஊர்ந்து வந்து போரைத் தொடும், அப்புறம் கிணற்றுக் குழாயும் நீலமாகும். முதல்முறை அந்த நீலம் கிணற்றில் ஏறியபோது லேபில் எல்லோரும் தொட்டியை நெருங்கி வந்தார்கள். சுமதி உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பிரின்சிபால் மட்டும் பல்பு எரிந்த சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இதான் சார் வேணும். தண்ணி கொட்டுனா எந்த மந்திரியும் நிப்பாரு."

ஸ்விட்ச்

பிரின்சிபால் சொன்னது பலித்தது. மந்திரி மற்ற மேஜைகளைத் தாண்டி நேராகத் தொட்டியிடம் வந்து நின்றார். எந்த ஊர் பாப்பா என்று கேட்டார். சுமதி ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஊரு. நம்ம போர் வரப்போற இடம்" என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது என்று நான் நினைத்தேன். ஐயாவே ஸ்விட்சைப் போடட்டும் என்று யாரோ சொன்னார்கள். போட்டார். மோட்டார் ஓடியது, பல்பு எரிந்தது, உச்சி டப்பாவில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஃபோட்டோ எடுத்தார்கள். "ஐயா, கொஞ்ச நேரம் பாருங்கய்யா, இனிமேதான்" என்று சுமதி சொன்னது கைதட்டலில் போய்விட்டது. மந்திரி அவள் தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டுத் திரும்பினார்.

நீலம் வந்தபோது மேஜை முன்னால் நாங்கள் இருவரும்தான் இருந்தோம். முதலில் போர்க் குழாய், பிறகு கிணறு, பிறகு உச்சி டப்பா. சுமதி ஸ்விட்சை அணைக்கவில்லை. யாராவது திரும்பி வருவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. வாசலில் பத்திரிகைக்காரர்களிடம் மந்திரி பேசிக்கொண்டிருந்தது எங்கள் காதிலும் விழுந்தது:

"நம்ம போர் திட்டத்த எவ்ளோ அழகா செஞ்சி காட்டியிருக்குது பாருங்க, நம்ம தொகுதிப் பொண்ணு."

புரிந்துகொண்டவர்

நான் சும்மா இருந்துவிடவில்லை. இரண்டு நாள் பொறுத்து, திட்டத்தைக் கவனிக்கிற இன்ஜினியர் ஒருவரைத் தேடி, கடற்கரைப் பக்கம் இருந்த அவர் அலுவலகத்துக்குச் சுமதியையும் கூட்டிக்கொண்டு போனேன். விரட்டிவிடுவார் என்று பயந்தேன். மனுஷர் டீ வரவழைத்தார். சுமதியின் வரைபடங்களை மேஜை மேல் விரித்து, மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்று வைத்துக்கொண்டாய், மழைக்காலத்தில் பார்த்தாயா கோடையிலா என்று கேட்டார். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள். அத்தனை நாள் ஓடியதில் ஆராய்ச்சியை ஆராய்ச்சியாகப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். சுமதி நாற்காலியின் நுனிக்கு வந்து, தடையில்லாமல் பதில் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோயில் பக்கத்து நிலம் புறம்போக்கு, கேட்க ஆளில்லை; ஏரிப் பக்கம் என்றால் பட்டா நிலம், யாரிடமாவது வாங்க வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். பூமி பூஜைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதைவிட முக்கியம், கல்லூரியே மாடல் செய்து திட்டத்தைப் பாராட்டியிருக்கிறது என்று படத்தோடு பேப்பரில் வந்துவிட்டது. இப்போது போய் அதே பெண் வேண்டாம் என்கிறது என்று மந்திரியிடம் யார் சொல்வது என்றார். அவர் எங்களை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார், அத்தனை மரியாதை. கடைசியாகச் சொன்னார்:

"நீங்க சொல்றது சரியாத்தான் சார் இருக்குது. தப்பா இருந்தா உங்கள அனுப்பி வெக்கறது எனக்கு சுலபமா இருந்திருக்கும்."

பூமி பூஜை

தொட்டியை எடுத்துப் போக மந்திரி வீட்டு ஜீப் கல்லூரிக்கே வந்தது. பூமி பூஜை மேடையில் மாடலை வைக்க வேண்டுமாம், செய்த பெண்ணுக்கு ஊர்க்காரர்கள் முன்னால் மரியாதை செய்ய வேண்டுமாம். பிரின்சிபாலுக்குக் கால் தரையில் பாவவில்லை. போகும் வழியில் சுமதி என்னிடம், மேடையில் பேசக் கூப்பிட்டால் ஊர் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன் சார் என்றாள். சொல்லு என்றேன். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

கூப்பிட்டார்கள். சுமதி மைக் முன்னால் வந்து அனைவருக்கும் வணக்கம் சொன்னாள். ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள், ராகுகாலம் பிறக்கப் போகிறது என்று ஐயர் கீழே இருந்து கையைக் காட்டினார். அவ்வளவுதான். ஒருவர் மைக்கைப் பிடுங்கினார், ஒருவர் அவள் தோளில் சால்வையைப் போட்டார், மேளம் எழும்பியது, எல்லோரும் கடப்பாரை இருந்த இடத்துக்கு ஓடினார்கள். மேடையில் யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டிருந்தார்கள். பூஜை முடிந்து மந்திரி பேசும்போது தொட்டியில் நீலம் ஏறியது. ஊரே பார்த்தது. மைக் பிடித்தவர், கலர் தண்ணியும் வருது பாருங்க என்றார், பிள்ளைகள் விசிலடித்தார்கள். சுமதி சால்வையோடு அந்தத் தொட்டி பக்கத்திலேயே நின்றாள்.

கூட்டம் கலையும்போது அவள் அப்பா என்னைத் தேடி வந்தார். வெள்ளை வேட்டி, புதுச்சட்டை. மில்லுக்கு லீவு போட்டிருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண்ணில் தண்ணீர். அவருக்கு விவரம் தெரியாது. வீட்டில் ஆராய்ச்சியைப் பற்றி விளக்கி அவரைக் குழப்ப வேண்டாம், மேலே பேசி மாற்றிவிடலாம் என்று சுமதி விட்டிருந்தாள். அவர் சொன்னார்:

"கிணத்துப் பக்கத்துல வேணாம்னு ஊர்ல நாலு பேரு முனகுனாங்க சார். எங்க சுமதியே மேடையில நிக்கப் போவுது, அதுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடிச்சின்னு கேட்டேன், அடங்கிட்டாங்க."

கரிப்பு

போர் ஓடியது. முதலில் நல்ல தண்ணீர்தான். தெருக்குழாயில் வந்தது, ஊர் சந்தோஷமாக இருந்தது. நம் கணக்கு தப்பாகவே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒரு வாத்தியார் தன் மாணவியின் ஆராய்ச்சி பொய்க்க வேண்டும் என்று சாமி கும்பிட்டது அந்த ஒருமுறைதான். சுமதி எம்.எஸ்சி. முடித்து ரெட்டியார்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள்.

பாண்டிச்சேரி போய்ப் புதுச்சேரி என்று போர்டுகளை மாற்றி எழுதிக்கொண்டிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை அவள் லேபுக்கு வந்தாள். ஒயர் கூடையில் ஒரே ஒரு பாட்டில். போர் கரிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாளாகிறது, இது கிணற்றுத் தண்ணீர் சார் என்றாள். மஞ்சள் மருந்து விட்டு, அவளே சொட்டு இறக்கினாள். இறங்க இறங்க மஞ்சள் மாறவே இல்லை. குழாயை மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. செங்கல் நிறம் வந்த பிறகும் அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. நான் பாட்டிலைக் கழுவி வைத்தேன். பிறகு அவள்தான் ஊர்ச் செய்தியைச் சொன்னாள். லாரியில் தண்ணீர் வருகிறதாம். வருகிற நேரத்துக்குக் கணக்கில்லையாம், குடத்தோடு வெயிலில் நிற்கிறார்களாம். அப்பா மில்லிலிருந்து வந்தால் நேராக வீட்டுக்குள் போய்விடுகிறாராம், டீக்கடைப் பக்கம் போவதில்லை. முந்தின நாள் குடத்தை எடுத்துக்கொண்டு இவள் போய் நின்றபோது பக்கத்து வீட்டு அஞ்சலை, அவளைச் சின்ன வயசில் இடுப்பில் தூக்கிச் சுமந்தவள், சண்டைக்காரக் குரலில்கூட இல்லை, சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள்:

"இன்னா சுமதி, படிச்ச பொண்ணு நீ மேடையேறி நின்னியேன்னுதானடி நாங்கல்லாம் பேசாம இருந்தோம்."

பெயர்

அதற்குக் கொஞ்ச காலம் கழித்து அந்த இன்ஜினியர் என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்தார். தலை நரைத்திருந்தது, பதவியும் உயர்ந்திருந்தது. கோயில் பக்கத்துப் போரை மூடிவிட்டு ஏரிப் பக்கம் புதிதாகப் போடலாம் என்று இப்போது மேலே பேச்சு வந்திருக்கிறதாம். அதற்கு ஆதாரமாக ஓர் ஆராய்ச்சி காட்ட வேண்டும். "அந்தப் பொண்ணு ப்ராஜெக்ட் இருக்குதா சார்? அப்பவே சொன்னாங்கன்னு ஊர்க்கூட்டத்துல நானே எழுந்து சொல்றேன்" என்றார். அவர் மனசிலும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. போர் மாறும், அதைவிட, அந்தப் பெண் மேல் விழுந்த பழி போகும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக ரெட்டியார்பாளையம் போனேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். சுமதி கைப்பையோடு கேட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். போர் ஏரிப் பக்கம் நிச்சயமாகப் போகுமா என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டாள். போகும் என்றேன். பிறகு, வகுப்பில் பாடம் சொல்கிற அதே நிதானத்தோடு சொன்னாள்:

"தண்ணிக் கணக்கெல்லாம் குடுத்துடுங்க சார். என் பேர மட்டும் எடுத்துட்டுக் குடுங்க. இப்ப ஊர்ல நான் தெரியாம நின்ன பொண்ணு, அவ்ளோதான். அப்பவே தெரியும்னு நீங்க சொன்னா, தெரிஞ்சும் ஏன்டி நின்னேன்னு கேப்பாங்க, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல சார்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நான் ஒருங்கிணைப்பாளராக இருந்த அத்தனை வருஷங்களில், எங்கள் பிள்ளைகள் மேஜையில் காட்டியவற்றில் ஆட்சியாளர்கள் அச்சு அசலாக ஊரில் செய்து முடித்தது நீலம் ஏறிய அந்தத் தொட்டி ஒன்றைத்தான்.